பொய்யென்று பெயர் பெற்ற பல்

உடம்பில் குறைந்துபோன ஒன்றை ஈடுசெய்ய மனிதன் எத்தனையோ கருவிகளைச் செய்துகொண்டிருக்கிறான். கண் மங்கியபோது கண்ணாடி அணிந்தான். கால் தளர்ந்தபோது கைத்தடி ஊன்றினான். செவி மந்தமானபோது கேட்கும் கருவியைப் பொருத்திக்கொண்டான். இவற்றுள் எதனையும் நம் மக்கள் இழிவாக அழைக்கவில்லை. மூக்கின்மேல் ஏறியிருக்கும் கண்ணாடியைப் பொய்க்கண் என்று சொன்னவர் எவருமிலர். ஆனால், பல் விழுந்த வாயில் பொருத்தும் பல்லுக்கு மட்டும் 'பொய்ப்பல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மருத்துவர்கள் 'செயற்கைப் பல்' என்கிறார்கள்; கடைத்தெருவில் 'பல்செட்டு' என்கிறார்கள். எனினும் மனத்தில் தைத்து நிற்பது அந்த முதற்பெயர்தான்.

பொய் என்று பெயர் பெற்ற பொருளை மறைத்து வைக்கத் தோன்றுவது இயற்கை. மூக்குக் கண்ணாடியைத் துடைப்பவர் நாலுபேர் நடுவில் உட்கார்ந்து துடைக்கிறார். பல்செட்டைக் கழுவுபவரோ கதவைத் தாழிட்டுக்கொள்கிறார். 2013ஆம் ஆண்டு தொட்டு மேல்வாயிலும் கீழ்வாயிலும் முழுப் பல்செட்டு அணிந்து வருகிறோம் நாம். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் நமக்குத் தெளிந்த உண்மை ஒன்றுண்டு. பல்செட்டால் விளையும் தொல்லைகளிற் பெரும்பகுதி, பல்செட்டினால் விளைவதன்று. அதனை மறைப்பதனால் விளைவது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல் போனால் சொல் போச்சு என்பது நம் நாட்டுப் பழமொழி. உணவைப் பற்றிச் சொல்லாமல் சொல்லைப் பற்றிச் சொன்னார்களே, அதுதான் நம் முன்னோரின் நுட்பம். சோற்றைக் குழைய வடித்து விழுங்கிவிடலாம். சொல்லைக் குழைத்து விழுங்க முடியுமா? எழுத்துகள் பிறக்கும் முறையைக் கூறவந்த தொல்காப்பியப் பிறப்பியல், நாவையும் இதழையும் அண்ணத்தையும் எண்ணும் இடத்திலேயே பல்லையும் சேர்த்து எண்ணுகிறது. தகரமும் நகரமும் நாநுனி மேற்பல்லின் அடியைத் தொடாமல் பிறவா. பல் நீங்கிய வாயில் அவை வேறு ஒலிகளாகத் திரிந்துவிடும். அரபு எழுத்துகளிலோ பல்லின் பங்கு இன்னும் மிகுதி. நான்காம் எழுத்தாகிய 'ஸே' பிறப்பதற்கு நாநுனி மேல்வாய் முன்பற்களின் ஓரத்தைத் தீண்ட வேண்டும். இருபதாம் எழுத்தாகிய 'ஃபே' பிறப்பதற்கு அதே பற்களின் நுனி கீழுதட்டின் உட்புறத்தைத் தொட வேண்டும். முன்பல் இரண்டு போனவர் ஓதும்போது அவ்வெழுத்துகள் காற்றாகக் கழிந்துவிடுவதை நாம் கேட்டிருக்கிறோம்.

இழந்த பல்லுக்கு ஈடு தேடிய முயற்சி மிகப் பழையது. கொர்தோபா நகரின் அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (936 - 1013) தமது 'அத்தஸ்ரீஃப்' என்னும் முப்பது பகுதிகள் கொண்ட மருத்துவப் பெருநூலில் ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் பிணைக்கும் முறையை எழுதிவைத்தார். வெள்ளிக் கம்பி நாட்பட நிறம் மாறிக் கெடும் என்பதனால் தங்கத்தைத் தேர்ந்தார். விழுந்த பல்லின் இடத்தில் மாட்டெலும்பைப் பல்லைப்போலச் செதுக்கிப் பொருத்தலாம் என்றும் அவர் குறித்திருக்கிறார். சப்பான் நாட்டில் 1538இல் இறந்த நக்காவோக்கா தெய் என்னும் பௌத்தத் துறவினியின் மரப்பல் தொகுதி இன்றளவும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஒரே மரத்துண்டில் வாயின் வடிவத்துக்கு ஏற்பக் கடைந்தெடுத்த அரிய வேலைப்பாடு அது.

அமெரிக்க நாட்டின் முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789 ஏப்ரல் 30ஆம் நாள் பதவி ஏற்றபோது அவருடைய வாயில் சொந்தப் பல் ஒன்றே எஞ்சியிருந்தது. அவர் மரப்பல் அணிந்திருந்தார் என்று இன்றும் பலர் எண்ணுகிறார்கள், அது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், ஈயம், மனிதப் பற்கள் ஆகியவற்றால் ஆனவை அவருடைய பல்செட்டுகள். 1784ஆம் ஆண்டு அவருடைய பண்ணைக் கணக்கேட்டில், ஒன்பது பற்களுக்காகக் கறுப்பின அடிமைகளுக்குப் பணம் கொடுத்த பதிவு ஒன்று உண்டு. 1815இல் வாட்டர்லூ போர்க்களத்தில் மாண்ட வீரர்களின் பற்களையும் பிடுங்கி விற்றார்கள். ஒருவர் சிரிப்பதற்கு இன்னொருவரின் வாய் வெறுமையாக வேண்டியிருந்த காலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கந்தகம் கலந்து இறுக்கிய ரப்பரும், 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் என்னும் பிசினும் வந்த பிறகே பல்செட்டு எளியவர் வீட்டுக்குள் நுழைந்தது. ஈறு போன்ற இளஞ்சிவப்பு நிறமும், சிறிய எடையும், செப்பனிடக்கூடிய தன்மையும் வாய்ந்த அந்த அக்ரிலிக்தான் இன்று நம்மில் பெரும்பாலோரின் வாயில் இருக்கிறது. அடிமையின் பல்லும் பிணத்தின் பல்லும் இன்றி நாம் உண்ணவும் பேசவும் முடிகிறது என்றால், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இனி, இந்தப் பல்செட்டு எவ்வாறு வாயில் நிற்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. பசையாலோ ஆணியாலோ அது நிற்பதில்லை. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மேல்வாய்ச் செட்டு அண்ணம் முழுவதையும் மூடிக்கொண்டு, மெல்லிய உமிழ்நீர்ப் படலத்தின் துணையால் அவ்வாறே ஒட்டி நிற்கிறது. அதன் ஓரங்கள் கன்னத்தோடும் உதட்டோடும் பொருந்திக் காற்று நுழையாமல் காக்கின்றன. கீழ்வாய்ச் செட்டின் நிலை வேறு. நாவுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் அது குதிரை லாட வடிவில் அமைகிறது. பற்றிக்கொள்ளும் பரப்பும் குறைவு. நாவோ ஓயாமல் அசைந்து அதனைத் தூக்கப் பார்க்கிறது. ஆகவே, "மேல்செட்டு நன்றாக இருக்கிறது, கீழ்செட்டுத்தான் ஆடுகிறது" என்று எவரேனும் சொன்னால் மருத்துவர் வியப்படைவதில்லை. உலகெங்கும் பல்செட்டு அணிந்தவர்கள் சொல்லும் முறையீடு அது.

உமிழ்நீரே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி என்பதால், வாய் வறண்டால் செட்டுத் தளர்ந்து ஈற்றை உராயும். இரத்த அழுத்தத்துக்கும் உறக்கத்துக்கும் மனநோய்க்கும் உண்ணும் மாத்திரைகளிற் சில உமிழ்நீரைக் குறைப்பவை. திடீரென்று செட்டு ஆடத் தொடங்கினால், புதிதாக எந்த மாத்திரை சேர்ந்தது என்று எண்ணிப் பார்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நோன்பு நாட்களில் பிற்பகலில் வாய் வறளும் வேளையில் செட்டைக் கழற்றி நீரில் வைத்துவிடுவது நம் வழக்கம். அந்த நேரத்தில் நமக்கு மெல்லும் வேலை இல்லை. ஈறு இளைப்பாறட்டுமே!

புதுச்செட்டு அணிந்த முதல் வாரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய்க்குள் யாரோ ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாற் போன்ற உணர்வு நமக்கு இருந்தது. வாய், புதியதாக வந்த பொருளை உணவென்று எண்ணி ஏமாந்து, ஓயாமல் நீரைச் சுரந்தது. சோற்றின் சூடு அண்ணத்துக்குத் தெரியவில்லை. குழம்பின் சுவை பாதி மறைந்துவிட்டது போலிருந்தது. நமக்கு அமைந்த மருத்துவர் பொறுமையுள்ளவர். "இது செருப்பன்று, அணிந்தவுடன் நடந்துவிட, இது மிதிவண்டி. விழாமல் ஓட்டப் பழகிக்கொள்ள வேண்டும்" என்றார் அவர். அவர் சொன்னபடியே முதற் சில நாட்கள் இடியாப்பமும் கஞ்சியும் குழைந்த சோறுமாக உண்டோம். உணவைச் சிறு துண்டுகளாக்கி, ஒருபக்கமாக அல்லாமல் இருபக்கமும் சமமாக வைத்து மென்றோம். ஒருபக்கம் மட்டும் மென்றால் மறுபக்கம் எழும்பிவிடும். முன்பல்லால் கடித்து இழுத்தால் பின்பக்கம் கழன்றுவிடும். தராசுத் தட்டின் இயல்பு தெரிந்த வணிகருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

பேச்சுக்குப் பயிற்சி வேறு. வைகறைத் தொழுகைக்குப் பின் நாளேட்டின் ஒரு பத்தியை உரக்கப் படிப்பதை நாம் வழக்கமாக்கிக்கொண்டோம். சகரமும் ஸகரமும் முதலில் சீழ்க்கையொலியாக வந்தன. நாற்பது நாட்களில் அவை தத்தம் இடத்துக்குத் திரும்பின. ஒரு மாதத்துக்கு மேலும் திரும்பாவிட்டால், முன்பல் வைத்த இடத்தையோ அண்ணத் தகட்டின் தடிப்பையோ மருத்துவர் திருத்த வேண்டியிருக்கலாம் என்பதையும் அறிந்துகொண்டோம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனத்தில் இருத்த வேண்டும். செட்டால் கடிக்கும் விசை, இயற்கைப் பல்லின் விசையில் நான்கில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். முறுக்கையும் கரும்பையும் முன்போல் கடிக்கலாம் என்று எண்ணுவோர் ஏமாற்றமடைவர். கறியை மட்டும் இன்னும் சிறிது நேரம் வேகவிடச் சொல்லிவிட்டால், பெருநாள் விருந்தில் நமக்கும் இடமுண்டு.

மறைப்பதனால் விளையும் கேட்டுக்கு நம் குடும்பத்திலேயே கண்ட சான்று ஒன்றைச் சொல்வோம். நம் தகப்பனாரின் தங்கை ஒருவர், நாம் 'மாமி' என்று அழைப்பவர், தம் ஊரில் பெண்பிள்ளைகளுக்கு நெடுங்காலம் ஓதிக்கொடுத்து வந்தார். முன்பற்கள் விழுந்தபோது, 'ஃபே' என்று சொல்லும் இடத்தில் அவருக்குக் காற்று மட்டுமே வந்தது. பிள்ளைகள் கள்ளமில்லாமல் சிரித்தார்கள். "எழுத்தைப் பிழையாகக் கற்றுக்கொடுப்பதைவிடச் சும்மா இருப்பது மேல்" என்று அவர் ஓதிக்கொடுப்பதையே நிறுத்திவிட்டார். பிறகு மகன் வற்புறுத்திப் பல்செட்டுக் கட்டுவித்தான். மூன்று மாதங்கள் அறையில் தனியே அமர்ந்து ஒவ்வோர் எழுத்தாக உச்சரித்துப் பழகினார். பிள்ளைகள் மீண்டும் அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள்.

ஆனால், பல்லில்லாத முகத்தை மருமக்களும் பேரர்களும் காணலாகாது என்று ஒரு வைராக்கியம் அவரைப் பிடித்துக்கொண்டது. இரவும் பகலும் செட்டைக் கழற்றாமலே இருந்தார். கழுவுவதோ, வீட்டார் எழுமுன் இருட்டில் அவசர அவசரமாக. ஈராண்டு கழிந்தது. உணவைக் கண்டாலே ஒதுக்கத் தொடங்கினார். "காரம் எரிகிறது" என்றார்; பிறகு "பசியில்லை" என்றார். உடல் மெலிந்தது. எழுபத்தெட்டு வயதின் தளர்ச்சி என்று அவர் வீட்டார் எண்ணிக்கொண்டனர். வேறொரு நோய்க்காகப் பார்க்க வந்த மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லிச் செட்டைக் கழற்றச் சொன்னபோதுதான் உண்மை வெளிப்பட்டது. செட்டு மூடியிருந்த அண்ணம் முழுவதும், அதே வடிவத்தில், செக்கச் செவேலென்று சிவந்திருந்தது. வாயின் இரு கடைகளும் வெடித்துப் புண்ணாகியிருந்தன.

அவரைப் பிடித்தது கான்டிடா என்னும் பூஞ்சை. அது பலருடைய வாயிலும் தீங்கின்றி வாழ்வதுதான். உமிழ்நீர் புகாமல், காற்றுப் படாமல், கழுவப்படாத செட்டின் அடியில் இரவும் பகலும் நிழல் கிடைக்கும்போது அது பெருகிவிடுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த இடர் இன்னும் மிகுதி. பலருக்கு வலியே இராது என்பதனால், நோய் இருப்பதே தெரியாமல் ஆண்டுகள் போய்விடும். மாமிக்குப் பூஞ்சை மருந்து கொடுத்தார்கள். அதைவிட முதன்மையாக, இரவில் கழற்றிவைக்கும்படி கண்டிப்பாகச் சொன்னார்கள். சில வாரங்களில் அண்ணம் தெளிந்தது, உணவும் இறங்கிற்று. அதன்பின் மாமி ஒரு வேலை செய்தார். மூடி போட்ட சிறு பீங்கான் கிண்ணம் ஒன்றை வாங்கி, தம் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில், எல்லாரும் பார்க்கும் அலமாரித் தட்டில் வைத்தார். பேத்தி ஒருத்தி, "பெத்தும்மா, பல்லுக்கு வீடா?" என்று கேட்டாளாம். "ஆமாம், அதுவும் தூங்க வேண்டாமா?" என்றாராம் மாமி.

இரவில் கழற்றுவது வாய்க்கு மட்டும் நன்மை தருவதன்று. சப்பான் நாட்டில் எண்பத்தைந்து வயதைக் கடந்த முதியவர்கள் 524 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, செட்டை அணிந்தபடியே உறங்குபவர்களுக்கு நுரையீரல் அழற்சி வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்று கண்டது. செட்டில் படியும் கிருமிகள் உறக்கத்தில் உமிழ்நீரோடு மூச்சுக் குழாயில் இறங்குவதே காரணமாகலாம் என்று கருதுகின்றனர்.

பராமரிப்பு முறை கடினமானதன்று. ஒவ்வொரு வேளை உண்டபின்னும் செட்டைக் கழற்றி நீரில் அலச வேண்டும். ஒளுச் செய்யும்போது நாளைக்கு ஐந்துமுறை வாய் கொப்பளிப்பவர்களுக்கு இது புதிய சுமையன்று. அவ்வேளைகளில் செட்டையும் கழற்றி அலசிவிடுவது நம் பழக்கம். மார்க்கச் சட்டப்படி கழற்ற வேண்டுமா, வேண்டாமா என்பது ஆலிம்களிடம் கேட்டறிய வேண்டிய செய்தி. நாம் சொல்வது உடல்நலத்தை ஒட்டியது. நாளுக்கு ஒருமுறையேனும் மென்மையான தூரிகையும் சாதாரண சோப்பும் கொண்டு உட்புறமும் வெளிப்புறமும் தேய்க்க வேண்டும். ஈற்றைத் தொடும் உட்புறந்தான் முக்கியம். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்தில்தான் அழுக்கு குடியிருக்கும். பற்பசை கூடாது. அதில் உள்ள நுண்ணிய துகள்கள் அக்ரிலிக்கைக் கீறிவிடும். கீறல்களில் கறையும் கிருமியும் படியும். சாம்பலும் உப்பும் செங்கற்பொடியும் கூடவே கூடா. கொதிநீரும் ஆகாது, வெந்நீரில் செட்டின் வடிவம் கோணிவிடும், கோணியது நிமிராது.

கழுவும்போது கைதவறி விழுந்து உடைவதே பல்செட்டின் பெரும்பகை. கழுவும் தொட்டியில் பாதி நீர் நிரப்பியோ, மடித்த துண்டு ஒன்றை விரித்தோ அதற்கு மேலே பிடித்துக் கழுவினால், தவறினாலும் உடையாது. இரவில் தெளிந்த தண்ணீரில் முழுகும்படி வைக்க வேண்டும். உலர்ந்து கிடந்தால் அக்ரிலிக் சிறிது சுருங்கி வடிவம் மாறும். கடையில் விற்கும் நுரைக்கும் மாத்திரையை நீரிலிட்டு ஊறவைக்கலாம். ஆனால் அது வாய்க்கு வெளியே மட்டும் பயன்படுத்த வேண்டியது. மீண்டும் அணியுமுன் நன்றாக அலசிவிட வேண்டும். வெளுப்புக் காரங்களில் நெடுநேரம் ஊறவைத்தால் நிறம் போய்விடும். உலோகம் கலந்த செட்டு அரித்தும் போகும். வெற்றிலை பாக்குக் கறை படிந்தால் கத்தியால் சுரண்டாமல் மருத்துவரிடமே துலக்கிக்கொள்வது நலம். செட்டைக் கழற்றியபின் வெறும் ஈற்றையும் அண்ணத்தையும் நாவையும் ஈரத்துணியாலோ மென்தூரிகையாலோ மெதுவாகத் தடவித் துலக்க வேண்டும். பல் இல்லையே, துலக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாகாது.

இத்தனையும் செய்தாலும், சில ஆண்டுகளில் செட்டு ஆடத் தொடங்கும். அது செட்டு தேய்ந்ததனால் மட்டுமன்று. தாடை கரைந்ததனாலும் ஆகும். பல்லின் வேரைத் தாங்கி நின்ற எலும்பு, பல் போனபின் தனக்கு வேலையில்லை என்று மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகிறது. இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து நடந்து 1972இல் வெளியான ஆய்வு ஒன்று, கீழ்த்தாடையின் மேடு மேல்தாடையின் மேட்டைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கரைவதைக் காட்டியது. வீடு அப்படியே இருக்கிறது, அடியில் தரைதான் இறங்குகிறது என்று சொல்லலாம். ஆகவே ஆண்டுக்கொருமுறை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இடைவெளி சிறிதாயின் உட்புறத்தில் புதிய அக்ரிலிக் ஊற்றி நிரப்பித் தருவார். பெரிதாயின் புதுச்செட்டுச் செய்ய வேண்டும். ஐந்து முதல் பத்தாண்டுக்குள் மாற்றும் தேவை பெரும்பாலும் வந்துவிடும்.

பலர் இவ்விடத்தில்தான் மீண்டும் மறைக்கத் தலைப்படுகிறார்கள். ஆடும் செட்டை ஒட்டும் பசையால் மூடி மறைக்கிறார்கள். குத்தும் ஓரத்தைத் தாமே அரத்தால் தேய்க்கிறார்கள். உடைந்ததைக் கடைப்பசை வைத்து ஒட்டிக்கொள்கிறார்கள். மருத்துவர் பரிந்துரைத்த அளவில் பசை வைப்பது தவறன்று. நாள்தோறும் அளவு கூடிக்கொண்டே போனால், செட்டு பொருந்தவில்லை என்பதே அதன் பொருள். துத்தநாகம் கலந்த பசைகளை அளவுக்கு மீறிப் பயன்படுத்தி நரம்புக் கோளாறுக்கு ஆளானவர்களும் உண்டு. ஈற்றில் ஓரிடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால், செட்டுப் பட்ட புண்தானே என்று இருந்துவிடக் கூடாது. அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கக்கூடும். உடனே காட்டிவிட வேண்டும்.

கீழ்வாயில் செட்டே நில்லாதவர்களுக்கு இன்று வேறொரு வழியும் உண்டு. சுவீடன் நாட்டின் பெர் இங்வார் பிரானெமார்க், எலும்போடு டைட்டானியம் இணைந்துகொள்ளும் தன்மையைக் கண்டு 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் பதித்தார். அவ்வாறு கீழ்த்தாடையில் இரண்டு ஊன்றுகோல்கள் பதித்து அவற்றின்மேல் செட்டைப் பூட்டுவதே முதலில் கருதத்தக்க மருத்துவம் என்று 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் கூறினர். செலவு அதிகம், எல்லாருக்கும் எட்டுவதன்று. எட்டுபவர்கள் கேட்டறிந்துகொள்வதில் தவறில்லை.

இனிப் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் ஒரு சொல். வீட்டுப் பெரியவர் உணவைக் குறைத்துக்கொண்டால், பேச்சைக் குறைத்துக்கொண்டால், விருந்துக்கு வர மறுத்தால், அது வயது என்று முடிவு செய்யுமுன் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். பாரிச வாயுவால் கை விழுந்தவரும் நினைவு தடுமாறியவரும் தாமே கழற்றிக் கழுவ மாட்டார்கள். அந்த வேலையை இன்னொருவர் அருவருப்பின்றி ஏற்க வேண்டும். குழந்தையின் எச்சிலைத் துடைத்த கைகளுக்கு இது பெரிதன்று. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது, செட்டு அணிந்திருக்கிறார் என்பதை மயக்க மருந்து கொடுப்பவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் எழுபத்திரண்டு வயதான ஒருவர் அறுவை மருத்துவத்துக்குப் பின் தொண்டை வலியால் உண்ண முடியாமல் தவித்தார். மயக்கத்தின்போது நழுவிய அவருடைய பகுதிப் பல்செட்டு எட்டு நாட்கள் தொண்டையிலேயே சிக்கிக் கிடந்ததை, 2019இல் வெளியான மருத்துவக் குறிப்பு ஒன்று விவரிக்கிறது. அக்ரிலிக் மட்டுமாயின் எக்ஸ்ரே படத்தில் அது தெளிவாகத் தெரிவதுமில்லை. கழற்றிய செட்டைத் தாளில் சுருட்டி வைத்தால் குப்பையோடு போய்விடும். பெயர் எழுதிய மூடிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெரும் பொருட்செலவு கேட்பதன்று. ஒரு தூரிகை, ஒரு துண்டுச் சோப்பு, ஒரு கிண்ணம் தண்ணீர், ஆண்டுக்கொருமுறை மருத்துவரின் அரைமணி நேரம், இவ்வளவே. இவற்றினும் அரிதாகத் தேவைப்படுவது ஒன்றுண்டு. அது, "நான் செட்டு அணிந்திருக்கிறேன்" என்று வீட்டாரிடமும் மருத்துவரிடமும் கூசாமல் சொல்லும் துணிவு. அந்தத் துணிவு பெரியவர்களுக்குத் தானே வந்துவிடாது. அலமாரியில் அந்தக் கிண்ணத்தைக் கண்டு முகம் சுளிக்காத வீட்டில்தான் அது வரும். இன்று இரவு உங்கள் வீட்டில் அப்படி ஒரு கிண்ணம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கட்டிலடியிலோ குளியலறை மூலையிலோ மறைந்திருந்தால், எடுத்துக் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி, கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள்.